அடுப்படியில் மீந்த மசாலா



2024 ஏப்ரலில் சிங்கப்பூர் உணவு அமைப்பு, இந்தியாவிலிருந்து வந்த ஒரு மீன் கறி மசாலாவைத் திரும்பப் பெறும்படி இறக்குமதியாளருக்கு உத்தரவிட்டது நினைவிருக்கும். எத்திலீன் ஆக்ஸைடு அதில் அனுமதித்த அளவை மீறியிருந்தது. கிருமி ஒழியச் சரக்குக்குப் புகையாக விடும் வாயு அது. சிறிதளவால் உடனே ஆபத்தில்லை. நெடுநாள் உடலில் சேர்வதே கேடு என்றார்கள்.

கடைச் சரக்கு இறக்குமதியாளரிடம் திரும்பிவிடும். அடுப்படியில் பாதி தீர்ந்த பொட்டலம்? "காசு கொடுத்து வாங்கியது, கொட்டினால் இஸ்ராஃப் அல்லவா?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உண்ணத் தகாததென்று அறிவித்ததை விலக்குவது வீண்விரயமாகாது. உடலும் அல்லாஹ் தந்த அமானிதமன்றோ!

சிலருக்கு வேறொரு யோசனை தோன்றும்: கடைப் பையனிடம் கொடுத்துவிட்டால் என்ன? இதுதான் மகா மோசம். பிறர் நமக்குத் தந்தால் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்கமாட்டாத பொருளைத் தருமம் செய்ய நாடாதீர்களென்று திருமறையின் அல்பகரா அத்தியாயம் 267ஆம் வசனம் தடுக்கிறது. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதை மக்கள் காண மேலே வைத்திருக்கலாகாதா என்று வியாபாரியைக் கேட்டதை நாம் அறிவோம். பையனிடம் விஷயத்தைச் சொல்லியா கொடுக்கிறோம்?

டப்பாவில் கொட்டி உறையை எறிந்தவர்கள், எந்தச் சரக்கென்று நினைவில்லாவிட்டால், ஐயமுள்ளதை விட்டுவிடுங்கள். உறை இருந்தால் வாங்கிய கடைக்குக் கொண்டுபோய்க் கேளுங்கள். அந்தக் கடை உங்களுடையதானால், ரசீது எங்கேயென்று வாதாடாமல் வெள்ளியைத் திருப்பிக் கொடுங்கள்.