பணிவும் பொறுப்பும்

தாதித் தொழிலைப் பயில வருவோரிடம் எக்குணங்கள் வேண்டும் என்று கேட்டால், பொறுமை, இரக்கம், பணிவு என்று தயங்காது விடை கூறுவோம். ஆராய்ந்து கேள்வி கேட்கும் ஆற்றலை அவற்றோடு சேர்ப்போர் சிலரே. சேர்ப்போரும் அதனைப் பிறவிக்குணம் என்றே கருதுகின்றனர். இக்கருத்துச் சரிதானா?

1966ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்க வைத்தியசாலைகளில் சார்ள்ஸ் ஹொஃப்ளிங் என்னும் உளமருத்துவரும் குழுவினரும் நடத்திய ஆய்வொன்று வெளிவந்தது. கடமையிலிருந்த தாதியர் 22 பேரை, முன்பின் அறியாத 'வைத்தியர்' ஒருவர் தொலைபேசியில் அழைத்து, நோயாளி ஒருவருக்குக் குறித்த மருந்தில் 20 மில்லிகிராம் கொடுக்குமாறு பணித்தார். உச்ச அளவு 10 மில்லிகிராம் என்று மருந்துப் பெட்டியிலேயே எழுதியிருந்தது. தொலைபேசிக் கட்டளையை ஏற்பதும் விதிக்கு மாறானது. ஆயினும் 21 பேர் கொடுக்கப் புறப்பட்டு, இடையில் தடுக்கப்பட்டனர். மருந்து உண்மையில் தீங்கற்ற குளுக்கோசே. இத்தகைய கட்டளை வந்தால் என்ன செய்வீர்கள் என்று வேறு 21 தாதி மாணவியரிடம் வினவியபோதோ, கொடுக்கமாட்டோம் என்று அனைவரும் கூறினர்.

மாணவியர் பொய்யுரைத்தனர் என்று கொள்ளவேண்டியதில்லை. வினாத்தாளின் முன் அவர்களுக்கு அறிவு மட்டுமே துணை. அதட்டும் குரல் அங்கில்லை. நோயாளர் விடுதியில் அதிகாரம் பேசும்போது அறிந்தவளும் வாயடைத்துப்போகிறாள்.

1977இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு மறுபக்கத்தைக் காட்டுகிறது. அங்கே மருந்து, தாதியர் நன்கறிந்த வேலியம். சக தாதியரோடு கலந்து பேசவும் வாய்ப்பிருந்தது. மிகையளவைக் கொடுக்க முற்பட்டோர் 18 பேரில் இருவரே. இடைப்பட்ட ஆண்டுகளில் காலமும் ஓரளவு மாறியிருக்கலாம். எனினும், அறிவுக்குத் தோழமை துணைநின்றால் மனச்சாட்சி பேசத் துணிகிறது என்பது தெளிவு.

இதனால் தனிமனிதப் பொறுப்பு இல்லாதொழியாது. 1966இன் ஆய்விலும் ஒருத்தி மறுத்தே நின்றாள். கட்டளைக்குக் கீழ்ப்படிந்தேன் என்னும் விடை இறந்த நோயாளியை மீட்காது. ஆனால், பணிந்தவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் பணியப் பழக்கிய அமைப்பைத் தப்பவிடுவது நீதியாகாது.

அவ்வமைப்பில் ஆசிரியர்களாகிய நமக்கும் பங்குண்டு. நாளைய தாதியர் இன்று நம் வகுப்பறைகளிலேயே இருக்கின்றனர். வாய் திறவாத மாணவிக்கே நன்னடத்தைச் சான்றிதழை மனமுவந்து எழுதுகிறோம். ஆண்டுக்கணக்காக மௌனத்தைக் கற்பித்துவிட்டு, நள்ளிரவில், தன்னந்தனியே, வைத்தியரின் தவறான கட்டளையை அவள் மறுக்கவேண்டும் என எதிர்பார்ப்பது எங்ஙனம்? நம் பாடத்தை மறுத்து ஒரு மாணவி எழுந்து நிற்கும்போது, அவளை உட்காரச் சொல்லாது கேட்போமாக. பின்னொரு நாள் ஓர் உயிர் அதனால் காக்கப்படலாம்.