பேர் மாறினால் போதுமா?

சீடனுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் வேலை. சாதிச் சான்றிதழ் கேட்டு வரும் மனுக்கள் அவன் மேசையைத் தாண்டித்தான் போகும். சொல்லை மாற்றுவதால் என்ன பயன் என்ற சந்தேகம் அவனுக்கு வந்ததில் வியப்பில்லை. அவனுடைய குரு கும்பகோணத்தில் பள்ளித் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதைத் தொட்டவர். அவர் குடியிருக்கும் தெருவில் பாதிக்குமேல் பித்தளைப் பாத்திரக் கடைகள்.

"ஐயா, 1922-இல் சென்னை மாகாண அரசு 'பஞ்சமர்' போன்ற பெயர்களை விலக்கி 'ஆதி திராவிடர்' என்று எழுதச் சொன்னது. பிறகு காந்தி 'ஹரிஜன்' என்றார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. 1938-இல் பம்பாய் சட்டமன்றத்தில் அந்தச் சொல்லுக்காக வெளிநடப்பே செய்தார். 1982-இல் மத்திய அரசு, சான்றிதழில் அப்படி எழுதக்கூடாது என்றது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லையும் அரசு ஆவணங்களிலிருந்து எடுக்கப்போவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நூறு வருஷமாகப் பேரை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். புதுப் பேருக்கும் கொஞ்ச நாளில் பழைய நாற்றம் வந்துவிடுகிறது. உங்கள் தெருவில் பித்தளைக்கு ஈயம் பூசுகிற மாதிரிதானே இது? உள்ளே பித்தளை பித்தளையாகத்தானே இருக்கிறது?"

குருவுக்கு உவமை பிடித்துவிட்டது. பிடித்த உவமையை அவர் லேசில் விடுகிறவர் அல்ல.

"ஈயம் எதற்குப் பூசுகிறார்கள்? பளபளப்புக்கா?"

"இல்லை ஐயா. பூசாத பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறிவிடும்."

"ஆக, பித்தளையைத் தங்கமாக்க யாரும் ஈயம் பூசவில்லை. சாப்பிடுகிறவன் வயிற்றுக்காகப் பூசுகிறார்கள்."

இதற்குப் பிறகு வெகுநேரம் சீடனுக்கு வாய் திறக்க வழியில்லை.

பெரியவர்களின் மனசில் இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியாது, காதில் விழுவதுதான் தெரியும் என்று தொடங்கினார் குரு. ஐம்பதுகளில் தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களில் அவர் கண்ணால் பார்த்தது: அறுபது வயதுக்காரர் ஒருவர் வாசலுக்கு எட்ட நிற்கிறார். பத்து வயதுப் பையன், "என்னடா, எங்க வந்த?" என்கிறான். அவர் தோள் துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு, "சின்னய்யா, அப்பாவைப் பார்க்கணும்" என்கிறார். பையனுக்கு யாரும் சாதியைப் பற்றி வகுப்பு எடுக்கவில்லை. அந்த 'டா' போதுமாயிருந்தது. இன்று அதே வீட்டுப் பேரன், ஏசி ரிப்பேருக்கு வருகிறவரை "வாங்கண்ணா" என்கிறான். தாத்தா திருந்தியிருக்க மாட்டார். ஆனால் களிம்பு பேரன் தட்டுக்கு வரவில்லை.

சாதிப் பட்டம் போன கதையும் இதுதான் என்றார். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் பட்டம் போடுவதை விடச் சொல்லித் தீர்மானம் வந்தது. தலைமை சௌந்தரபாண்டியன். (தியாகராய நகர் பாண்டி பஜாரில் சேலை எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் 'பாண்டி' இவர்தான் என்று தெரியும்?) தீர்மானத்துக்குக் கைதட்டியவர்கள் வீட்டிலெல்லாம் சாதி ஒழிந்ததா? ஞாயிற்றுக்கிழமை வரன் விளம்பரங்களைப் பார்த்தால் தெரியும். ஆனாலும் இன்று ஆசிரியர் வருகைப் பதிவேட்டை உரக்க வாசித்தால் காதில் விழுவது முன்னெழுத்தும் பேரும் மட்டும்தான். அப்பன் மனசு எப்படியிருந்தாலும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் யார் என்பது பேரைக் கேட்டவுடன் தெரிந்துவிடுவதில்லை.

"பேரில் ஒன்றுமில்லை என்கிறாயே, 1997-ஐ மறந்துவிட்டாயா? தென்மாவட்டத்தில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குப் பட்டியல் சாதியில் பிறந்த வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பேர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஒரு சாரார் கிளம்ப, கலவரத்தில் உயிர்கள் போயின. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்கள் பெயரையும் மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. ஈயம் வெறும் மேல்பூச்சு என்றால் அதற்காக ஏன் வெட்டிக்கொள்கிறார்கள்?"

ஒரு தடவை பூசினால் ஆயுசுக்கும் நிற்காது என்பதையும் அவர் விடவில்லை. அந்தக் காலத்தில் ஈயம் பூசுகிறவர் துருத்தியும் கரியுமாகத் தெருவுக்கு வருவார். பாத்திரத்தைக் காய வைத்து, நவச்சாரம் தூவி, ஈயத்தை உருக்கித் துணியால் சுழற்றித் தேய்ப்பார். தேய்ந்து போனால் திரும்ப வருவார். 'ஹரிஜன்' தேய்ந்தது, 'காலனி' தேய்ந்தது, மறுபடி பூசுகிறோம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்றார்.

சீடன் இடைவெளி பார்த்து நுழைந்தான். "இந்தக் காலத்துப் பசங்க வயசு வித்தியாசம் பார்க்காமல் எல்லாரையும் 'ப்ரோ' என்கிறார்களே?"

"சொல்லிவிட்டுப் போகட்டும்."

"நீங்களே என்னை 'நீ' என்றுதானே கூப்பிடுகிறீர்கள்? நான் உங்களை அப்படிச் சொல்ல முடியுமா?"

"அது வேற." எப்படி வேறு என்று அவர் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. சீடர்கள் இந்த இடத்தில் விட்டுக்கொடுப்பது வழக்கம்தான்.

அடுத்த கேள்வியில் அவன் விட்டுக்கொடுக்கவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. "வெட்டியவர்கள் உங்கள் கிராமத்துத் தாத்தா இல்லை ஐயா, பேரன்கள். பட்டமில்லாத பேரோடு வளர்ந்தவர்கள். பேரில் தெரியாததைக் கையில் கலர் கயிறு கட்டித் தெரிந்துகொள்கிறார்கள்."

"ஈயம் தேய்ந்த இடம் அது" என்றார் குரு.

இந்தப் பதில் போதாது. தேய்ந்த இடத்தில் பழைய களிம்புதான் கிளம்பும். கயிறு அந்தப் பிள்ளைகள் புதிதாகக் கண்டுபிடித்த பாஷை. வீட்டில் 'டா' கேட்காமல் வளர்ந்தவனும் அதைப் பள்ளிக்கூடத்தில் இன்னொரு பையனிடம் கற்றுக்கொள்கிறான். ஈயக்காரர் அங்கே போவதில்லை.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிற்றைத் தடை செய்யச் சொன்ன அதே அறிக்கை, 'கள்ளர் சீரமைப்பு', 'ஆதிதிராவிடர் நலம்' என்ற அடைமொழிகளை எடுத்துவிட்டு அரசுப் பள்ளி என்று மட்டும் எழுதவும் சொன்னது. அதாவது குருவின் வழியும் வேண்டும், சீடனின் கவலைக்குத் தனி மருந்தும் வேண்டும். குருவின் வழியில் அடுத்த பூச்சும் விழுந்தது: 2025 ஜூலையில் அரசு மாணவர் விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பேர் மாற்றுவதாக அறிவிப்பு வந்தது.