பதில் வராத சேர்வர்

உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஓர்ஸ் ஹில், திருகோணமலை நகரில் வீடுகளும் பள்ளிக்கூடமும் மாகாண அலுவலகங்களும் கலந்து கிடக்கும் மேட்டுப்பகுதி. இங்கென்றில்லை, இலங்கையில் எந்த அலுவலகத்திலும் மாதக் கடைசியில் இந்தக் காட்சியைக் காணலாம். முகாமைத்துவ உதவியாளர் ஒருவர் ஷெயார் போல்டரில் இருக்கும் சம்பளப் பட்டியலைத் திருத்திவிட்டு ‘சேவ்’ கொடுக்கிறார். வட்டம் சுழல்கிறது. ஐந்து விநாடி போனதும் விண்டோஸ் அந்தச் சாளரத்தை வெளிறடித்து, தலைப்பில் ‘நொட் ரெஸ்பொண்டிங்’ என்று எழுதுகிறது.

“மிஸ், உங்களுக்கு ஷெயார் ஓபன் ஆகுதா?”

“எனக்கும் ஸ்டக்.”

எக்செலுக்கு ஒரு நோயும் இல்லை. அது சேர்வரிடம் ஒன்றைக் கேட்டது, பதிலுக்குக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். சேர்வர் செத்துவிட்டதா, வேலைப் பளுவில் திணறுகிறதா, நடுவில் கேபிள் கழன்றதா? மேசையில் இருப்பவருக்கு மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரியும். பதில் வராததை வைத்து, பதில் சொல்ல வேண்டியவர் இல்லை என்று முடிவு கட்டலாமா? கணினிக்காரர்கள் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே இந்திய மெய்யியல் இந்தக் கேள்வியைப் போட்டு உலுக்கியிருக்கிறது.

இல்லாமையை அறிய ஒரு தனி அளவை, அதாவது அறியும் வழி, வேண்டும் என்றார் ஏழாம் நூற்றாண்டு மீமாம்சகர் குமாரிலபட்டர். நியாயவாதிகள் ஒத்துக்கொள்ளவில்லை. மணிமேகலை அடுக்கும் பத்து அளவைகளில் அபாவம் என்ற இந்த இல்லாமையும் ஒன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் எழுதிய அருணந்தி சிவாசாரியாரும் அதைப் பட்டியலில் சேர்த்தார். ஆனால் பத்தையும் காண்டல் (நேரில் அறிவது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (சொல்லக் கேட்டு அறிவது) என்ற மூன்றுக்குள் அடக்கிவிட்டார்.

சண்டை எத்தனை இருந்தாலும் ஒரு நிபந்தனையில் பலரும் ஒத்துப்போனார்கள்: இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையில் தெரியாமற்போனால்தான் அது இல்லாமைக்குச் சான்று. வெளிச்சமான தரையில் குடம் தெரியவில்லையா, குடம் இல்லை. இருட்டில் தெரியவில்லையா, ஒன்றும் சொல்ல முடியாது. இதற்கு அவர்கள் எடுத்த இன்னோர் உதாரணம் பிசாசு. கண்ணுக்கே தெரியாத இயல்புடையது என்று சொல்லப்படுவதை, காணவில்லை என்பதற்காக மறுக்க முடியாதாம். பிசாசை நம்பச் சொல்லி அல்ல, காணாமையின் எல்லையைக் காட்டத்தான் அவர்கள் அதை இழுத்தார்கள்.

வலையமைப்பு அந்த இருட்டுத் தரைதான். 1985இல் கணினி அறிவியலாளர்கள் பிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் அதைக் கணிதமாகவே நிறுவினார்கள். செய்தி வந்துசேர இத்தனை நேரம்தான் ஆகும் என்ற உச்சவரம்பு இல்லாத அமைப்பில், ஒரேயொரு கணினி செயலிழக்கக்கூடும் என்றாலே போதும். மற்றவை எல்லாம் நிச்சயமாக ஒருமித்த முடிவுக்கு வந்தே தீரும் என்று உறுதி தரும் வழிமுறை கிடையாது. இறந்ததையும் தாமதிப்பதையும் பிரித்தறிய முடியாததுதான் அதன் அடிவேர். 1996இல் சந்திராவும் டூயெக்கும் இதற்குள் ஒரு சந்து கண்டார்கள். ஒரு கணினி மற்றொன்றைச் சந்தேகிக்கலாம், அந்தச் சந்தேகம் தவறாகக்கூட இருக்கலாம். பதில் வந்தால் வாபஸ் வாங்கத் தயாராக இருந்தால் வேலை நடக்க வழியுண்டு. நல்ல ஐயவாதியின் ஒழுக்கம் இது.

ஆனால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று யாராவது தீர்மானித்தாக வேண்டுமே. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் உருவாக்கிய என்.எஃப்.எஸ். கோப்புப் பகிர்வு இரண்டு வழி வைத்தது. ‘ஹார்ட்’ என்று இணைத்தால், சேர்வர் திரும்பி வரும்வரை நிரல் காத்தே கிடக்கும். ‘சொஃப்ட்’ என்றால், சில முறை கேட்டுப் பார்த்துவிட்டுப் பிழை என்று சொல்லிக் கைவிடும். இரண்டாவதுதான் புத்திசாலித்தனமாகத் தோன்றும். உண்மையில் அதுதான் ஆபத்து. அந்தப் பிழைச் செய்தியைக் கவனிக்காத நிரல், பாதி எழுதிய கோப்பை முழுக்கோப்பு என்று நினைத்து மேலே போய்விடும்; தரவு சத்தமில்லாமல் கெடும் என்று லினக்ஸ் கையேடே எச்சரிக்கிறது.

‘ஹார்ட்’ வழியிலும் கொடுமை இருந்தது. அப்படிக் காத்துக் கிடந்த நிரலை லினக்ஸில், கட்டாயமாகக் கொல்லும் ‘கில் மைனஸ் நைன்’ கட்டளைகூட வழக்கமாக அசைக்கவில்லை. கணினியையே மீளத் தொடக்க வேண்டியிருந்தது. 2008இல் வந்த லினக்ஸ் 2.6.25, மத்தியூ வில்காக்ஸ் எழுதிய மாற்றத்தோடு மூன்றாவது நிலை ஒன்றைக் கொண்டுவந்தது: தானாகக் கைவிடாது, காத்திருக்கும், ஆனால் உரியவர் ‘போதும்’ என்று கொல்லச் சொன்னால் நின்றுவிடும். பெரிதாகப் பேசப்படாத மாற்றம்தான். எனினும் முடிவெடுக்கும் உரிமையை, இழப்பைச் சுமக்கப்போகிறவரின் கையில் அது வைத்தது.

நம் உதவியாளர் ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்துவிட்டார் என்று வையுங்கள். அதோடு முடிவதில்லை. பக்கத்து மேசைக்காரர் அதே பட்டியலைத் திறந்தால், கோப்பு உதவியாளரின் பெயரில் பூட்டிக் கிடப்பதாகத் திரை சொல்லக்கூடும். ‘~$’ என்று தொடங்கும் மறைகோப்பு ஒன்று போல்டரில் மிச்சமாய் நிற்கவும் கூடும். இங்கே செத்துப்போன நிரல் அங்கே சேர்வரின் கணக்கில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இந்தக் கேள்வியைத் திருகோணமலையில் வைத்துப் பேசும்போது கணினியோடு நிறுத்த முடியாது. போரில் காணாமற்போனவர்களைப் பற்றியும் அதே கேள்விதான். கோப்பையும் பிள்ளையையும் ஒரு தராசில் வைப்பது அபத்தம். அறிவின் சிக்கல் மட்டும் ஒன்றே. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், போர்ச் சூழலில் ஓராண்டுக்கு மேல் காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. உறவினர் பலர் அதை வாங்க மறுத்தார்கள். செத்தார் என்று தெரியாமல் செத்தார் என்று கையெழுத்து வைப்பது எப்படி? 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், அவர் காணாமற்போயிருக்கிறார் என்பதை மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தது. இருக்கிறார் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. எந்தச் சான்றிதழ் என்பதைக் குடும்பமே தீர்மானிக்க அது இடம் விட்டது. அந்தச் சட்டம் அளவையியலை மதித்தது என்றே சொல்ல வேண்டும்.

ஆனாலும் அது காத்திருப்பதற்கான ஏற்பாடுதான், பதில் அல்ல. அலுவலகத்தில் இந்தச் சிக்கல் கடைசியில் தீர்வது, யாராவது எழுந்து சேர்வர் அறைக்குப் போய் விளக்கு எரிகிறதா என்று பார்க்கும்போதுதான். அருணந்தியார் காண்டலை முதலில் வைத்ததும் சும்மா அல்ல. போய்ப் பார்க்கும் அந்த வேலைக்கென்றே 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை உருவாக்கியது. 2018இல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் தெருவோரம் படங்களோடு உட்கார்ந்த தாய்மார் எவ்வளவு காலம் காத்திருப்பது என்று யாரிடமும் கேட்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றார்கள். அதைச் செய்யாத அரசு, அவர்கள் கையில் எத்தனை சான்றிதழைக் கொடுத்தாலும் கடமையைச் செய்ததாகாது.