பழுப்பின் பணி

பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம். நமக்கும் நாளை அதே கதிதான் என்று அறியாத சிரிப்பு அது. தாவரவியல் அறிந்தவர்கள் அதில் நன்றி கெட்டதனத்தையும் சேர்த்துக் காண்பார்கள். குருத்தின் உடலில் ஓடும் தழைச்சத்தில் ஒரு பங்கு, பழுத்த இலைகள் கொடுத்தனுப்பியது.

இலை மஞ்சளாவதை அழிவின் தொடக்கம் என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். உள்ளே நடப்பதோ மிகுந்த ஒழுங்கோடு நடக்கிறது. பசுங்கணிகங்கள் முதலில் கலைக்கப்படுகின்றன. இலையின் தழைச்சத்தில் பெரும்பகுதி அங்குள்ள புரதங்களில்தான் இருக்கிறது. அவை அமினோ அமிலங்களாகப் பிரிந்து விதைக்கும் தளிருக்கும் பயணம் போகின்றன. ஆணையிடும் உட்கருவும் ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவும் ஏறக்குறைய கடைசிவரை கலையாமல் நிற்கின்றன. கொடுப்பதற்கும் தெம்பு வேண்டுமல்லவா?

கோதுமையிடம் சற்று நின்று கேட்போம். இலை மூப்பை விரைவுபடுத்தும் ஒரு மரபணுவைக் காட்டு எம்மர் கோதுமையில் இனங்கண்ட ஆய்வு 2006-இல் வெளியானது. நாம் பயிரிடும் கோதுமைகளில் பெரும்பாலானவற்றில் அந்த மரபணு இல்லை, அல்லது இருந்தும் பயனில்லை. டியூரம் கோதுமையில் ஒரே ஓர் எழுத்து கூடுதலாகச் செருகப்பட்டு அதன் வாசகமே குலைந்துபோயிற்று. கோதுமையில் இன்னும் எஞ்சி இயங்கும் இவ்வகை மரபணுக்களின் வேலையை ஆய்வாளர்கள் அடக்கிப் பார்த்தபோது, பயிர் 3 வாரத்துக்கும் மேலாகத் தாமதித்தே பழுத்தது. கண்ணுக்குச் செழிப்புத்தான். மணியிலோ புரதமும் இரும்பும் துத்தநாகமும் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தன. இலை தன் பசுமையைக் காத்துக்கொண்ட நாள்களுக்கு மணிதான் விலை கொடுத்தது.

மரபியல் முன்னோடி மெண்டல் தம் சோதனைகளில் எண்ணிய பச்சைப் பட்டாணியின் நிறமும் இளமையின் நிறமல்ல. பச்சையத்தைக் கலைக்க உதவும் மரபணு பழுதானதால் போகாமல் ஒட்டிக்கொண்ட பச்சை அது என்று 2007-இல் தெரியவந்தது.

இதனால் விரைந்து மூப்பதே நலம் என்று முடிவு கட்டிவிடலாகாது. வறட்சியில் தாக்குப்பிடித்துப் பச்சையாக நிற்கும் சோளம் உழவருக்குப் பெரும் பேறு. இலையும் காலம் பார்க்கிறது. அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியின் இளம் இலையில், மூப்பைத் தூண்டும் மரபணு ஒன்றை ஒரு குறு ஆர்.என்.ஏ. அடக்கி வைக்கிறது, வயது ஏற ஏற அந்தக் காவல் தளர்கிறது என்று 2009-இல் கொரிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். உழைக்க வேண்டிய பருவத்தில் ஒப்படைப்பைத் தடுத்து, ஒப்படைக்க வேண்டிய பருவத்தில் அந்தத் தடையை விலக்கும் இந்த ஏற்பாட்டை எண்ணும்போது, பதவியையும் பொருளையும் கற்றறிந்ததையும் கை நடுங்கும் நாள்வரை இறுகப் பற்றியிருந்து, பிறகு சிதறவிட்டுப் போகும் நாம், மூப்பைப் பறிபோதலாகவே கருதி அஞ்சுவதற்குக் காரணம் மூப்புதானா, அதன் பணியைத் தெம்புள்ள நாளில் தொடங்காத நம் தயக்கமா என்று கேட்டுக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால், தயக்கம்தான்.

கோதுமை ஆய்வாளர்களுக்கு இதில் தயக்கம் இல்லை. இலையைச் சீக்கிரம் பழுக்கவைக்கும் அந்தக் காட்டு மரபணுவைக் கலப்பினச் சேர்க்கை வழியே புதிய ரகங்களுக்குள் அவர்கள் மீண்டும் கொண்டுவருகிறார்கள்.