கைப்பிடிப் பிரசாதம்

மார்கழி விடியலில், ஆதம்பாக்கம் நந்தீஸ்வரர் கோயில் பிராகாரத்தில் பனிக்குக் காதை மூடிக்கொண்டு வரிசையில் நின்று, நெய் மினுங்கும் சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையில் ஏந்தும் வேளையில், நீரிழிவு கண்ட என் போன்றவர் நெஞ்சில் ஒரு தர்மசங்கடம் எழுகிறது: ஈசுவரப் பிரசாதத்தை மறுப்பது அபசாரமா, வைத்தியர் வாக்கை மீறி உண்பது அவன் தந்த சரீரத்துக்குச் செய்யும் துரோகமா? 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் இந்நோய் கண்டவர் 10 கோடிக்கு மேல் என்று கணித்திருப்பதால், இந்த ஐயம் என் ஒருவனுடையது அன்று.

"சர்க்கரைதானே கூடாது, இது வெல்லமாச்சே, சாப்பிடுங்கோ" என்று அன்பு மிகுதியால் சொல்லுவோர் உண்டு. வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். குழைந்த பச்சரிசியும் வெகு சீக்கிரம் குளுக்கோஸாகி ரத்தத்தில் கலந்துவிடும்.

அப்படியானால் உபவாசமே உத்தமம் என்று எண்ணி, ஒரு வைகுண்ட ஏகாதசியன்று, காலை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுப் பட்டினி கிடந்தேன். நண்பகலில் விரல்கள் நடுங்கின. நெற்றியில் குளிர்ந்த வியர்வை. ஜபமாலையைப் பிடிக்கக்கூடக் கையில் பலமில்லை. சர்க்கரை கரைத்த நீரை என் மனைவி வாயில் புகட்டிய பின்புதான் கண் தெளிந்தது. நோயாளிக்கு விரத விதியில் சாஸ்திரமே விலக்கு அளித்திருக்க, நான் காட்டியது பக்தியன்று, பிடிவாதம். மிகுதியாக உண்பதையும் அறவே உண்ணாதிருப்பதையும் கீதையின் ஆறாம் அத்தியாயம் ஒருசேர யோகத்துக்குப் புறம்பாக்குகிறது. 'மருந்து' என்று பெயரிட்ட 95-ஆம் அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஆறை வள்ளுவர் உண்ணும் முறைக்கே ஒதுக்கினார்.

கோயில் வழக்கமும் இந்த அளவையே காட்டுகிறது. பெருமாள் கோயிலில் தீர்த்தம் ஓர் உத்தரணிதான். செம்பு நிறையக் கொடு என்று எவரும் கேட்பதில்லை. துளசி ஓரிரு இலை; சிவன் கோயிலில் விபூதி ஒரு சிட்டிகை. அவற்றால் எவருக்கும் அருள் குறைந்துவிட்டதாக நாம் நினைப்பதும் இல்லை. பொங்கலுக்கு மட்டும் ஏன் தொன்னை நிறைய வேண்டுமென்று எதிர்பார்க்கிறோம் என்று பலமுறை யோசித்ததில், அங்கே கேட்பது சிரத்தையன்று, நாக்குத்தான் என்ற தீர்மானத்துக்கு வந்தேன்.

வீட்டிலும் இலையில் அமர்ந்ததும் கீரைக்கூட்டையும் அவரைப் பொரியலையும் பருப்பையும் முதலில் உண்டு, ஒரு கரண்டிச் சோற்றைக் கடைசியில் கொள்ளுகிறேன். நாரும் புரதமும் முன்னே சென்றால் சோற்றின் சர்க்கரை ரத்தத்தில் நிதானமாகவே ஏறுகிறது. பிறகு தெருக்கோடி வரை மெல்ல நடந்து திரும்புவேன்.

இப்பொழுதெல்லாம் குருக்களிடம், "ஒரு விரலளவு போதும், சுவாமி" என்று கையை நீட்டுகிறேன். அவர் தரும் அந்தச் சிறு கவளத்தைக் கண்ணில் ஒற்றி, பச்சைக் கற்பூர மணம் அடங்கும்வரை வாயில் வைத்திருந்து விழுங்குகிறேன். என் பங்குத் தொன்னை, வாசலில் பூக்கட்டும் அம்மாளின் பேரனுக்குப் போகிறது.