தரையில் நிற்கும் விமானி: உடம்பும் உயிரும் பற்றிய ஒரு சித்தாந்த நோக்கு

ஓர் இயந்திரம் ஓரிடத்திலும் அதை இயக்கும் அறிவு வேறோரிடத்திலும் இருக்குமாயின், அவ்வியந்திரத்தில் நிகழும் செயல் எவருடையது என்னும் வினாவுக்குச் சைவ சித்தாந்தத்தில் நெடிய மரபு உண்டு. உயிருக்கும் உடம்புக்கும் உள்ள உறவைப் பற்றிய வாதங்களின் வடிவில் அது அங்கே ஆராயப்பட்டுள்ளது. மலேசியாவில் கிள்ளானை அடுத்த மேரு என்னும் ஊரில், செம்பனைத் தோட்டங்களுக்கும் புதிய குடியிருப்புகளுக்கும் இடையே ஒரு திறந்த வெளியில் சிறிய மின்விமானத்தைப் பறக்கவிடப் பழகத் தொடங்குபவர், அதே வினாவை நூலின்றித் தம் விரல்களால் சந்திக்கிறார்.

அவர் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டர், பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், குச்சிகளின் அசைவைச் சமிக்ஞையாக அனுப்புகிறது. விமானத்தில் உள்ள ரிசீவர் அதைப் பெற்று, செர்வோ எனப்படும் சிறு மோட்டார்களுக்கும் முன்னால் சுழலும் விசிறியின் மோட்டாருக்கும் பகிர்ந்தளிக்கிறது. தொடக்கநிலையினருக்கு ஏற்றது, நுரைப்பொருளால் ஆன, இறக்கை உடலின் மேற்புறத்தில் பொருந்திய, விசை, ஏற்ற இறக்கம், திசை என்னும் மூன்று கட்டுப்பாடுகள் மட்டுமே கொண்ட மெதுவான விமானம். பிற்பகலில் மலாக்கா நீரிணையின் கடற்காற்று வலுக்கும், இடிமழையும் அடிக்கடி வரும் நிலப்பகுதி இது என்பதால், அதற்குரிய வேளை அதிகாலையே.

உயிரும் உடம்பும் பற்றிய அவ்வாதங்களைக் கொண்ட சைவ சித்தாந்த நூல்களுள், பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்களால் ஆனது. அதன் மூன்றாம் சூத்திரம் உடம்பை மாயையால், அதாவது உலகுக்கு மூலமான சடப்பொருளால், அமைந்த இயந்திரம் என்று கூறி, அதனுள் அதனின் வேறாகிய உயிர் உண்டு என்பதைப் பல காரணங்களால் நிறுவுகிறது. எனது உடல் என்று பிரித்துச் சொல்லும் வழக்கும், ஐம்புலன் ஒடுங்கிய உறக்கத்தில் உடம்பு இருந்தும் உண்டலும் தொழிலும் இல்லாமையும் அவற்றுள் சில. பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்காட் சாலையில் இலங்கைச் சைவர் எழுப்பிய கந்தசுவாமி கோயிலைப் போன்ற தலங்களால் இச்சிந்தனை கிள்ளான் பள்ளத்தாக்குக்கு அயலானதன்று. ஆயினும் இயந்திரம் என்னும் சொல் அச்சூத்திரத்தில் ஏன் வந்தது என்பதை இக்காலத்துக் கருவி ஒன்றைக் கொண்டு எண்ணிப் பார்ப்போர் குறைவு.

பழகுபவர் முதலில் தடுமாறுவது திசையில்தான். விமானம் அவரைவிட்டு விலகிச் செல்லும்போது அதன் வலமும் அவருடைய வலமும் ஒன்றாயிருக்க, அது திரும்பி அவரை நோக்கி வரும்போது இரண்டும் எதிராகிவிடுகின்றன. வலப்புறம் திருப்ப எண்ணித் தள்ளிய குச்சி, காண்பவர் கண்ணுக்கு விமானத்தை இடப்புறம் கொண்டுபோகிறது. தாழ்ந்துள்ள இறக்கையின் பக்கமாகக் குச்சியைத் தள்ள வேண்டும் என்னும் உபாயம் தொடக்கத்தில் உதவும். ஆனால் பயிற்சி முதிர்ந்தபின் நிகழ்வது கணக்கு அன்று. விமானத்தின் வலமே அவருக்கு வலமாகி, தரையில் நிற்கும் உடம்பின் வலஇடம் அந்நேரத்துக்கு மறைந்துபோகிறது. உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையதாய் நிற்கும் என்பதைச் சித்தாந்திகள் சார்ந்ததன் வண்ணமாதல் என்பர். இக்கோட்பாட்டை விளக்கப் பளிங்கு அடுத்த பொருளின் நிறம் பெறுவதைக் காட்டுவது மரபு. ஆனால் பளிங்கு அறிவதில்லை, விமானியோ அறிந்தவாறே மாறுகிறார் என்பதால், இந்த எடுத்துக்காட்டு அக்கோட்பாட்டுக்கு இன்னும் நெருங்கியது.

இரண்டாவது தடுமாற்றம் மிகைச்செயல். எடைமையம், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஏறத்தாழ காற்பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே அமைந்து, இறக்கைகளும் நுனியை நோக்கிச் சற்று மேலெழுந்திருந்தால், சாய்ந்த விமானம் பெரும்பாலும் தானே நிமிரும். அதற்கு வேண்டிய உயரம் இருக்கும்போதே, நிமிரும் என்று நம்பாத கை, ஒரு சாய்வை அடக்க இன்னொரு சாய்வை உண்டாக்கி, மூக்கைத் தூக்கித் தூக்கி வேகத்தை இழந்து, காற்றைப் பற்றமுடியாத இறக்கையோடு அதைத் தரையில் விழச்செய்கிறது. உயிரின் அறிவை மறைக்கும் மூலமலமாகிய ஆணவம், எல்லாம் தன்னாலேயே நடக்கிறது என்னும் எண்ணமாக வெளிப்படுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பயிற்சி அரிது.

இறைவனை விமானியாகவும் மனிதனை விமானமாகவும் கொள்ளும் உவமை எளிதில் தோன்றும். சித்தாந்தம் அதை ஏற்காது. உயிர் சடமாயின் வினையும் வினைப்பயனும் பொருளற்றுப்போகும். இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவுக்கு ஏற்ற ஒப்பு, பறக்கும் கழகங்களில் உள்ள இணைப்புப் பயிற்சி முறை: ஆசிரியரின் டிரான்ஸ்மிட்டரும் மாணவருடையதும் இணைக்கப்பட்டிருக்க, மாணவர் தாமே ஓட்டுகிறார், ஆசிரியர் அவரோடு அதே விமானத்தைக் கண்டுகொண்டு நிற்கிறார். கண்ணுக்குக் காட்டித் தானும் காணும் உயிரைப் போல, இறைவன் உயிருக்குக் காட்டி அதனோடு காண்கிறான் என்று பதினோராம் சூத்திரம் சொல்லும் உடனிருப்பு இத்தகையது. இந்த ஒப்புக்கும் எல்லை உண்டு: மாணவர் தேறியபின் ஆசிரியர் விலகிவிடலாம், உயிரோ முத்தியிலும் இறைவனைவிட்டுத் தனித்து நிற்பதில்லை.

விமானிக்கும் உயிருக்கும் உள்ள வேற்றுமையும் சிறிதன்று. நுரை இறக்கை உடைந்தால் விமானிக்கு வலிப்பதில்லை, பசை கொண்டு ஒட்டிவிடலாம், 4.2 வோல்ட்டிலிருந்து 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கவிட்டுப் பாழான லித்தியம் பாலிமர் பேட்டரி மின்கலத்தையும் மாற்றிவிடலாம். உயிருக்கோ தன் இயந்திரத்தை வெளியே வைத்துவிட்டு நிற்க ஓர் இடமில்லை.

சாய்வை உணர்ந்து தானே திருத்தும் மின்னணுச் சமநிலைக் கருவி இப்போது விலைகுறைந்த விமானங்களிலும் வருகிறது. அது தொடக்கத்தில் பயன்படும். ஆயினும் அதை நிறுத்தும் வசதியுள்ள விமானத்தையே தேர்ந்து, சில நாட்களிலேனும் நிறுத்திப் பழகுவது நல்லது, ஏனெனில் அது கையின் பிழையை மறைத்துவிடுகிறது. கருவி எவ்வளவு செய்தாலும் பொறுப்பு அதற்கு மாறுவதில்லை. ஆளில்லா வானூர்தி அனுமதியின்றி 400 அடிக்கு மேல் செல்லலாகாது என்னும் மலேசியாவின் 2016ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, கருவியை விடுத்து அதைப் பறக்கவிடுபவரையே பொறுப்பாளியாகக் கொள்கிறது. வினை உடம்பைப் பற்றாமல் உயிரைப் பற்றும் என்னும் சித்தாந்தத்தின்படியும், விமானத்தை வீசி எறிந்த கைக்கு உரியவரே அது விழுந்த இடத்துக்கும் உரியவர்.