இடாப்பும் மனச்சாட்சியும்

ஒரு மாணவன் முன்னேறினான் என்று எழுதும்பொழுது நாம் எதை அளந்து அவ்வாறு எழுதுகிறோம்? அவனுடைய அறிவையா, அல்லது அவன் வீட்டின் வசதியையா? ஆசிரியத் தொழிலில் இருப்போர் எவரும் ஒதுக்கிவிட முடியாத கேள்வி இது. 2020 மார்ச் மாதத்தில் பெருந்தொற்றின் காரணமாக இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னரே அது எனக்கு முழு உருவில் எதிர்ப்பட்டது.

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதி வழியே வடக்கே சென்றால், நிலாவெளியைக் கடந்ததும் வருவது இறக்கக்கண்டி. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. மீன்பிடியை நம்பி வாழும் குடும்பங்கள் பல. இவ்வூரிலிருந்தும் அயலூர்களிலிருந்தும் வரும் பிள்ளைகளே என் வகுப்பிற் பெரும்பாலோர். எட்டாந் தரத்தில் முப்பத்திரண்டு பேர். பாடசாலை கைத்தொலைபேசிக்குள் குடிபெயர்ந்தபொழுது, என் வாட்ஸ்அப் குழுவில் இணைந்தவர் பத்தொன்பது பேர். அவர்களுள் ஒழுங்காகப் பாடங்கேட்டு ஒப்படைகளை அனுப்பியவர் பதினொருவர்.

மற்றவர்கள் எங்கே? ஒருத்தியின் வீட்டிலிருந்த ஒரே தொலைபேசி வாப்பாவுடன் கடலுக்குப் போய்விடும். அது கரை திரும்பும் வேளையில் வகுப்பு முடிந்திருக்கும். இன்னொருவன் வீட்டில் ஒரு தொலைபேசிக்குப் பிள்ளைகள் நால்வர். சாதாரண தரப் பரீட்சைக்கு இருந்த மூத்தவனுக்கே முதலுரிமை. வேறொரு வீட்டில் தொலைபேசி இருந்தது. டேட்டா போடக் காசு இல்லை.

நான் என்ன செய்தேன்? இடாப்பில் அவர்களின் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதினேன். பின்னர் அறிக்கைப் படிவம் வந்தது. எத்தனை பாடங்கள் நடத்தப்பட்டன, எத்தனை செயற்பாடுகள் நிறைவேறின, வகுப்புச் சராசரி யாது என்று அது கேட்டது. புள்ளிகளைக் கூட்டி வகுத்துப் பார்த்தேன். சராசரி சென்ற ஆண்டைவிட உயர்ந்திருந்தது! காரணம் எளியது. வழக்கமாகக் குறைந்த புள்ளி பெறுவோரிற் பலர் அக்கணக்கிலேயே இல்லை. நான் பொய் எதனையும் எழுதவில்லை. ஒவ்வோர் எண்ணும் உண்மை. ஆயினும் அந்த அறிக்கை முழுவதும் பொய். அதற்கு வேறெவரும் பொறுப்பல்லர், கையொப்பம் என்னுடையது.

அவ்வாறெனின் பதினொருவருக்கும் பாடம் நடத்தாமல் விட்டிருக்க வேண்டுமா? நண்பர் ஒருவர் அப்படித்தான் வாதிட்டார். ஏனையோருக்கு இல்லாத ஒன்று இவர்களுக்கும் வேண்டாம் என்பது அவர் கட்சி. இதனை என்னால் ஏற்க முடியவில்லை. அறியாமையைச் சமமாகப் பங்கிடுவது சமத்துவமன்று. அந்தப் பதினொருவரும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். காதணியை அடகுவைத்துத் தொலைபேசி வாங்கிக் கொடுத்த தாயின் மகளும் அவர்களுள் ஒருத்தி. ஆனால், இருப்பவன் பெறட்டும், இல்லாதவன் பின்னர் வரட்டும் என்னும் மறுகட்சி இதனினும் கொடியது. அது பாடசாலையைச் சந்தையாக்கிவிடுகிறது. பதினொருவருக்குக் கற்பித்தது தவறன்று. அதனை வகுப்பின் முன்னேற்றம் என்று பெயரிட்டதும், ஏனையோரின் இன்மையை அவர்களின் குற்றமாகப் பதிந்ததுமே தவறு.

தமிழாசிரியன் என்ற முறையில் அந்த ஒரு சொல்லையே நோக்குகிறேன். ‘வரவில்லை’ என்னும் வினைமுற்றுக்கு எழுவாய் யார்? பிள்ளை. வராத செயலை அவள் தலையிலேயே சுமத்துகிறது நம் இலக்கணம். ‘பாடசாலை அவளிடம் போய்ச் சேரவில்லை’ என்பதன்றோ உண்மையான வாக்கியம்! எழுவாய் மாறினாற் பொறுப்பும் மாறிவிடுகிறது.

2004 டிசம்பர் 26 அன்று கடல் எம் கரையை அழித்தபொழுது நான் மாணவன். தற்காலிகக் கொட்டிலில் இருந்து படித்தோம். புத்தகமில்லை, தளபாடமில்லை. ஆனால் வந்து உட்கார்ந்தவர் எல்லோருக்கும் ஒரே கரும்பலகை. ஆசிரியரின் குரல் கடைசி வரிசைக்கும் கேட்டது. சுனாமி கட்டடத்தை இடித்தது, வகுப்பைப் பிளக்கவில்லை. 2020 இலோ கட்டடம் அப்படியே நின்றது. வகுப்பு இரண்டாகப் பிளந்தது.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரவின் முயற்சியால் 1945 இல் இந்நாட்டில் இலவசக் கல்வி வந்தது. கதவைத் திறந்துவிட்டால் மட்டும் ஏழைப்பிள்ளை உள்ளே வந்துவிடுவதில்லை என்பது பின்னர் உணரப்பட்டது; 1980 முதல் பாடநூலும், அதன் பின்னர் சீருடையும் இலவசமாயின. பெருந்தொற்றுக் காலத்தில் பாடசாலையின் கதவே தொலைபேசியாயிற்று. அக்கதவை ஒவ்வொரு வீடும் தன் காசில் வாங்க வேண்டியிருந்தது. எந்தச் சட்டமும் திருத்தப்படாமலே இலவசக் கல்வி அந்த மாதங்களில் விலைக்கல்வியாயிற்று. நாட்டின் 43 இலட்சம் மாணவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்கே இணையவழி வகுப்பிற் சேர இயன்றது என்று இலங்கை ஆசிரியர் சங்கம் 2021 இற் கூறியது. அலைவரிசை தேடிப் பொகிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் காட்டு வழியே நடந்து பாறையுச்சிக்கு ஏறிய செய்தியை உலகமே வாசித்தது. அவர்களின் ஊக்கத்தைக் கண்டு வியந்தோர் பலர்; பாறையேற வைத்தமைக்காக வெட்கப்பட்டோர் எத்தனை பேர்?

வேறு வழி இருந்ததா? இருந்தது. தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியபொழுது, பிள்ளை வரட்டும் என்று காத்திராமல் தன்னார்வலர்கள் குடியிருப்புகளுக்கே சென்றனர். அதன் குறைகள் எவையாயினும், அத்திட்டத்தின் பெயரில் எழுவாய் சரியான இடத்தில் இருக்கிறது. தேடிச் செல்வது கல்வி. தேடப்படுவது பிள்ளையின் இல்லம்.

2021 நவம்பரில் இடைநிலை வகுப்புகள் மீண்டும் திறந்தன. கடலுக்குப் போன தொலைபேசியின் மகள் திரும்பி வந்தாள். வேற்றுமை உருபுகளை மறந்திருந்தாள். சரளமாக வாசிக்கவும் தடுமாறினாள். ஆனால் தம்பி தங்கையரை வளர்த்திருந்தாள். மீன் வியாபாரியின் கணக்கிற் பிழை கண்டுபிடிக்கக் கற்றிருந்தாள். இவற்றுக்கு நம் படிவத்தில் நிரல் இல்லை. இதனைச் சொல்லி அவள் இழந்ததை ஈடுசெய்துவிட்டதாக நான் நடிக்கமாட்டேன். அவள் நின்ற இடத்திலிருந்தே பாடத்தைத் தொடங்கினேன். முன்னே சென்றவர்களின் பெற்றோர் சிலர் முறையிட்டனர். அம்முறையீட்டில் நியாயம் இல்லாமலில்லை. அப்பிள்ளைகளையே அருகிருப்போருக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தேன். பிறருக்கு விளக்கியபொழுதுதான் அவர்களுள் சிலர் தாம் மனனஞ் செய்ததை விளங்கிக்கொண்டனர்.

எல்லோரும் திரும்பவில்லை. ஒரு மாணவன் வாடியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். இருமுறை வீடு தேடிச் சென்றேன். அவன் உழைப்பு அவ்வீட்டுக்கு அரிசியாகிவிட்டிருந்தது. அவன் பெயரை இடாப்பிலிருந்து நீக்கும் நாளில், விலகிய காரணம் என்னும் இடத்தில் ‘தொழிலுக்குச் சென்றான்’ என்று எழுதினேன். அங்கும் எழுவாய் அவனே.

2022 ஜூன், ஜூலையில் எரிபொருள் இல்லாமற் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது மீண்டும் இணையவழிக் கல்வி பேசப்பட்டது, நாளையும் பேசப்படும். கருவியை நான் வெறுக்கவில்லை. ஆசிரியத் தோழர்களிடம் நான் கேட்பது இவ்வளவே: அடுத்த முறை முன்னேற்ற அறிக்கையில் ஒப்பமிடுமுன், சராசரிக்குக் கீழே ஒரு வரி சேருங்கள். இக்கணக்கில் எத்தனை பிள்ளைகள் சேர்க்கப்படவில்லை என்பதையும், அவர்களிடம் நாம் ஏன் போய்ச் சேரவில்லை என்பதையும் எழுதுங்கள். படிவத்தில் இடமில்லையெனின் ஓரத்தில் எழுதுங்கள்.